எல்வீராவின் கல்யாணத்துக்கு முட்டை கொண்டுபோன கதை

டொலேடோ,
புதன்கிழமை மாலை

அன்பு மகள் எல்வீராவுக்கு,

உன் அப்பா எவரிஸ்தோ எழுதுவது. இங்கே நானும் சைக்கிளும் சௌக்கியம். இருவரில் சைக்கிளுக்கு வயது குறைவு என்பதால் அதன் சௌக்கியம் கொஞ்சம் கூடுதல். நீயும் மாப்பிள்ளை ஹாசிந்தோவும் அவர் வளர்க்கும் தேனீக்களும் அதுபோலவே இருக்க விரும்புகிறேன். தேனீக்களை நான் விசாரித்ததாகச் சொல்லச் சொல். போன தடவை வந்தபோது அவை என்னிடம் மரியாதையாகவே நடந்துகொண்டன, ஒன்றைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "சனிக்கிழமை நீதான்ப்பா என் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகணும்" என்றாய். நான் "கடிதம் போடறேன்" என்றேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் போடுகிறார்கள் என்று நீ சிரித்தாய். வாயால் சொல்ல முடியாததால்தான் எழுதுகிறேன். என்னால் முடியாது எல்வீரா. உன் சித்தப்பா காஸ்பரைக் கேள். அவனிடம் நல்ல கோட்டு இருக்கிறது, மனசாட்சியும் சுத்தம். எனக்கு இரண்டும் இல்லை. காரணம் கேட்பாய். கேட்காமலே சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், உன் முதல் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, நம் ஊர் கிளாரா மடத்துக் கன்னியாஸ்திரிகளிடம் கொடுக்கச் சொல்லி என் கையில் பன்னிரண்டு முட்டை கொடுத்தாய். கல்யாணத்தன்று மழை வராமலிருக்க எல்லாத் தாய்மாரும் செய்கிற காரியம்தான். உன் அம்மா உர்சுலா இருந்திருந்தால் அவளே போயிருப்பாள். அவள் இல்லை, என் தலையில் விழுந்தது. நானோ நாற்பது வருஷம் ரயில்வேயில் கைகாட்டி இழுத்தவன், சங்கத்தில் செயலாளர், கன்னியாஸ்திரிகளின் வாசலை மிதிப்பதில்லை என்று மேடையேறிச் சொன்னவன். மடத்துக்கு எதிரே மதுக்கடை. உள்ளே உன் ரமீரோ மாமாவும் சேர்ந்து சங்கத்து ஆட்கள் நாலு பேர். அப்புறம் உன்னிடம் வந்து "கொடுத்துட்டேன்" என்றேன். கொடுக்கவில்லை. உருளைக்கிழங்கு போட்டு அடை தட்டித் தின்றுவிட்டோம்.

அந்தச் சனிக்கிழமை என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும். மேஜைகள் மிதந்தன. அக்கார்டியன் வாசிக்க வந்தவன் தன் பெட்டியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஓடினான். நீ முழங்கால் வரை சேற்றோடு வெள்ளை உடையில் நின்று அழுதாய். நான் கூரைக்கு அடியில் காய்ந்த காலோடு நின்றுகொண்டு, மழை மேகத்திலிருந்து வருகிறது, மடத்திலிருந்து அல்ல என்று விருந்தாளிகளுக்குப் பாடம் நடத்தினேன். ஆறு வருஷம் கழித்து உன் முதல் புருஷன் உன்னை விட்டுப் போனான். அதற்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லை. எந்தக் கம்பியை இழுத்தால் எந்தக் கைகாட்டி விழும் என்று நாற்பது வருஷம் பார்த்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் ஒன்பது வருஷமாக எங்கே முட்டையைப் பார்த்தாலும் எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வருகிறது. இந்தத் தடவை நீ முட்டையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அதுதான் என்னை அறுத்தது.

ஆகவே, ஓய்வு பெற்றதிலிருந்து செய்வதுபோல சைக்கிளில் ஊர் சுற்றி, தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்த நான், இன்று காலை ஆற்றங்கரைப் பண்ணை ஒன்றில் பன்னிரண்டு முட்டை வாங்கி, முன்கூடையில் வைத்து, டொலேடோ மேட்டில் சைக்கிளை ஏற்றினேன். அந்தக் கல் பாவிய தெருவில் ஏற்றலாமா என்று கேட்காதே, ஏற்றிவிட்டேன். கோட்டை வாசல் தாண்டுவதற்குள் பல்லெல்லாம் ஆடியது, கூடையிலிருந்து மஞ்சளாக என்னவோ முன்சக்கரத்தின் மேல் வழிந்தது, கொரியாவோ ஜப்பானோ, ஒரு கூட்டம் அதைப் புகைப்படம் எடுத்தது. நாலு போயிற்று. மிச்சம் எட்டையும் என் கம்பளிக் காலுறைகளில் ஒன்றொன்றாகப் போட்டேன் (துவைத்தவைதான், கவலைப்படாதே), திரும்பக் கீழே இறங்கி நாலு வாங்கினேன், திரும்ப மேலே ஏறினேன், இந்தத் தடவை தள்ளிக்கொண்டு. கத்திக் கடை வாசலில் நின்ற ஒருவரிடம் மடத்துக்கு வழி கேட்டேன். "நேரா மேல போங்க, எறங்குங்க, மறுபடி மேல போங்க. வழி தப்பவே முடியாது" என்றார். மூன்று தடவை வழி தப்பினேன். மூன்று தடவையும் அவர் கடை வாசலிலேயே வந்து நின்றேன். மூன்றாவது தடவை அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைசியில் ஒரு சந்தில் பெரிய மதில், சின்னக் கதவு, உள்ளே பத்துப் பெண்கள். அதில் ஒருத்தி கையில் தட்டு நிறைய முட்டை. வந்து சேர்ந்தோம் என்று நெஞ்சு குளிர்ந்தது. "யாரு கடைசி?" என்று கேட்டேன். ஒரு பச்சைக் குடைக்காரி கையைத் தூக்கினாள். அவளுக்கு அடுத்தது நான் என்று மனசில் எழுதிக்கொண்டு, சைக்கிளைச் சாத்திவிட்டு, எல்லாரையும் போல இஷ்டப்பட்ட இடத்தில் உட்கார்ந்து நாற்பது நிமிஷம் காத்திருந்தேன். என் முறை வந்தது. சுவரில் மரத்தில் செய்த சுழல் தட்டு. உள்ளே ஆள் இருக்கிறது, முகம் தெரியாது. "தூய மரியே வாழ்க" என்று ஒரு குரல் வந்தது. அதற்கு என்ன பதில் என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? "வணக்கம் தோழரே" என்றேன். தன் வேலை முடிந்தும் போகாமல் பின்னால் நின்ற பச்சைக் குடைக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள். நான் பதற்றத்தில் முட்டைகளைத் தட்டில் வைத்தேன், தட்டு சுழன்றது, முட்டை போனது, திரும்பி வந்தபோது அதில் ஒரு பெட்டி பாதாம் மிட்டாய் இருந்தது.

"எனக்கு மிட்டாய் வேண்டாம்மா, சனிக்கிழமை வெயில் வேணும்" என்றேன். உள்ளிருந்து குரல், "வெயிலுக்கு கிளாரா மடம் போகணுங்க. நாங்க வேற சபை, சாமிநாதர் சபை. எங்க கிட்ட மிட்டாய்தான்" என்றது. முட்டைத் தட்டோடு வந்தவள் மடத்துக்கு வாடிக்கையாக முட்டை போடுகிறவளாம். என் முட்டையைத் திருப்பிக் கேட்டேன். "ஐயையோ, தானமாக்கும்னு நெனச்சு மாவுல ஒடச்சு ஊத்திட்டாங்களே" என்றது குரல். என் காலுறைகளை மட்டும் மடித்துத் திருப்பி அனுப்பினார்கள். நேர்மையான பெண்கள்.

வெளியே வந்தால் மணி இரண்டே கால். ஊரே கதவடைத்துச் சாப்பிடப் போய்விட்டது. கடை, சந்தை, மடம் ஒன்றுமில்லை. பக்கத்தில் திறந்திருந்தது கசில்டா என்ற பெண்மணி நடத்தும் சின்ன மதுக்கடை மட்டும். முட்டை இருக்கிறதா என்று கேட்டேன்.

"எத்தன பொரிக்கட்டும்?"

"பொரிக்க வேண்டாம். பச்சையா பன்னெண்டு."

அவள் கையிலிருந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "யாருக்குக் கல்யாணம்? பொண்ணுக்கா? அவ அம்மா எங்க?"

சொன்னேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். பசி, வெயில், எட்டுக் காலுறையும் காலி. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒன்பது வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததை, பெயர் தெரிந்து பத்து நிமிஷம் ஆகாத ஒருத்தியிடம், பன்றிக்கறிக் குழம்பு கொதிக்கிற வாசனையில் நின்றுகொண்டு சொன்னேன்.

"தின்னுட்டியா!" கசில்டா மேஜையில் கையை அடித்துச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "இப்போ கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறது யாரு, நீதானே?" என்றாள்.

"இல்ல. என் தம்பி."

"ஏன், ஒனக்குக் கால் இல்லையா?"

"முகம் இல்ல."

"நல்லா இருக்குய்யா நியாயம். அன்னிக்கு முட்டையைத் தின்ன, இன்னிக்கு அப்பனையும் இல்லாம பண்ணப்போற. உக்காரு, மொதல்ல சாப்புடு."

சாப்பிட்டேன். பாதாம் மிட்டாய்ப் பெட்டியை அவளுக்குக் கொடுத்தேன். அவள் சமையலறை முழுக்கத் தேடி முட்டைகளைக் கொண்டுவந்தாள். "பதினொண்ணு பச்சை, ஒண்ணு அவிச்சது. எது அவிச்சதுன்னு எனக்கே தெரியாது. எண்ணிக்கை சரியா இருக்கணும், அவ்வளவுதான்" என்றாள். மடத்தில் தூய மரியே வாழ்க என்றால் என்ன பதில் சொல்வது என்றும் கற்றுக்கொடுத்தாள். நான் வழியெல்லாம் அதை முணுமுணுத்துக்கொண்டே போனேன். சைக்கிளைத் தள்ளவில்லை, தூக்கவும் இல்லை, அவள் கடையிலேயே விட்டுவிட்டு, முட்டைகளை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். நீ பிறந்த அன்று உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இப்படித்தான். உன் அம்மா பின்னால் வந்துகொண்டே, "மூச்சு விடுய்யா, ஒண்ணும் ஒடையாது" என்றாள்.

ஐந்து மணிக்கு கிளாரா மடம் திறந்தது. இந்தத் தடவை பெயர்ப் பலகையை இரண்டு தடவை படித்தேன். பதிலைச் சரியாகச் சொன்னேன். உள்ளிருந்த குரல் வயசான குரல், கொஞ்சம் கரகரப்பு. டிக்கெட் கொடுப்பவர் மாதிரி வரிசையாகக் கேட்டது. எனக்குப் பிடித்துப்போயிற்று.

"பொண்ணு பேரு? எந்த ஊரு? எத்தன மணிக்கு? எந்தக் கோயில்?"

"கோயில் இல்லம்மா. தலவேராவுக்கு வெளிய ஒலிவத் தோப்பு. மேயர் வந்து நடத்தறார்."

"மேயரும் நனையத்தானே செய்வாரு. எழுதிக்கறேன். முட்டைய வைங்க."

வைத்தேன். தட்டு பாதி சுழன்றதும் கையால் நிறுத்தினேன். நிறுத்தக்கூடாதாம், அப்புறம் தெரிந்தது. "அம்மா, இதுல ஒண்ணு அவிச்சது" என்றேன். "அப்புறம் இன்னொண்ணு. ஒம்போது வருஷத்துக்கு முன்னால இதே பொண்ணுக்காகக் கொண்டுவர வேண்டிய பன்னெண்டையும் நான் அடை போட்டுத் தின்னுட்டேன்."

சுவருக்கு அந்தப் பக்கம் பேனாவை மூடி வைக்கிற சத்தம் கேட்டது.

"வெங்காயம் போட்டதா, போடாததா?" என்றது குரல்.

"போட்டது."

"நல்லவேளை." பிறகு கொஞ்சம் இருமிவிட்டு, "தம்பி, மழைக்கு நாங்க உத்தரவாதம் தர்றதில்ல. வேண்டிக்குவோம், அப்புறம் முட்டைய நாங்களும் தின்னுடுவோம். சில பேருக்கு வெறுங்கையோட நின்னா பேச்சு வராது, அதுக்காகக் கொண்டு வராங்க. பொண்ணுகிட்ட சொல்லியாச்சா?" என்றது.

"இல்ல."

"அங்க சொல்ல வேண்டியதை இங்க வந்து சுவத்துகிட்ட சொல்றீங்களே" என்று தட்டைச் சுழற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே சொல்கிறேன், எல்வீரா. நான் பொய் சொன்னேன். நீ அழுதபோது நான் பேசிக்கொண்டிருந்தேன். உன் அம்மா இல்லாத வீட்டில் நீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு காரியம், அதை நான் கேலிக்காகத் தின்றேன். மன்னிப்புக் கேட்கிற கையால் உன் கையைப் பிடித்துக்கொண்டு நூறு பேர் நடுவில் நடக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சனிக்கிழமை நான் வடக்கே எங்காவது ஒரு மேட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு, பதினோரு மணிக்கு உன் பக்கம் திரும்பி நிற்பேன். நீயும் ஹாசிந்தோவும் வற்றாத பானையும் வாடாத தோப்பும்போல வாழ வேண்டும். காஸ்பருக்கு என் அன்பு. அவன் கோட்டுக்கும்.

என்றும் உன் நலம் விரும்பும்,
அப்பா எவரிஸ்தோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் நீ போன் செய்தாய். சொல்லவே இல்லை என்று நீ நாளைக்கு மறுக்கக்கூடாது என்பதற்காக, நீ சொன்னதை உனக்கே எழுதுகிறேன். நான் "முட்டை..." என்று ஆரம்பித்ததும், "தெரியும்ப்பா. ரமீரோ மாமா கல்யாணத்தன்னிக்கே குடிச்சுட்டு உளறிட்டாரு. உருளைக்கிழங்கு வேகலைன்னு வேற சொன்னாரு" என்றாய். பிறகு ஏன் கேட்கவில்லை என்றேன். "நீயா சொல்லுவேன்னுதான் ஒம்போது வருஷமா காத்திருந்தேன்" என்றாய். ஆகையால் மேலே எழுதியதில் வரமாட்டேன் என்கிற இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படி. காஸ்பரிடம் இன்னும் கேட்கவில்லை என்றால் கேட்காதே. நாளை விடியற்காலை கிளம்புகிறேன், வெள்ளிக்கிழமை மதியம் உன் வாசலில் இருப்பேன். கசில்டாவின் கடையில் ரேடியோ சனிக்கிழமை தலவேராவில் இடியோடு மழை என்கிறது. பெய்யட்டும். இந்தத் தடவை நானும் உன் பக்கத்தில் நனைகிறேன்.