அப்படியே உட்காரும் ஆக்ஸில்

பாம்பு எத்தனை வகை, தவளை எத்தனை வகை என்றெல்லாம் எண்ணிப் புத்தகம் போட்டுவிட்டார்கள். கழற்றிமாட்டி என்கிற இனத்தை மட்டும் இதுவரை யாரும் சேர்த்ததாகத் தெரியவில்லை. சேர்க்காவிட்டால் என்ன, நீங்கள் பார்க்காதவரா? தெருவில் எவன் வண்டியின் பானட்டைத் திறந்தாலும் அவன் மூடுவதற்குள் வந்து சேர்ந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்து, உச்சுக்கொட்டி, "இந்தக் கார்புரேட்டரையா வச்சு ஓட்டுறீங்க?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்பாரே, அவரேதான். ஓடாத வண்டியை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நன்றாக ஓடுகிற வண்டியைக் கண்டால்தான் அவருக்குக் கை அரிக்கும்.

சாந்தன்பாறையில் பாண்டீஸ்வரன் என்று ஒருவர் இருக்கிறார். ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் அறை அவர் பொறுப்பு. அங்கே இதுவரை ஒரு கோளாறும் வந்ததில்லை, ஏனென்றால் காய் உலர்த்துகிற அடுப்பின் மூடியை முதலாளி பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறார். வீட்டில் யார் பூட்டுவது? மிக்ஸியில் தையல் மெஷின் மோட்டாரை மாட்டினார். இப்போது தேங்காய்ச் சட்னி அரைபடுவதற்குள் ஒரு சீரியல் முடிந்துவிடுகிறது. வேலை முடிந்தபின் மிஞ்சுகிற போல்ட்டுகளை ஊறுகாய் பாட்டிலில் போட்டு ஜன்னலில் வைப்பார். கேட்டால், "கம்பெனிக்காரன் எப்பவும் நாலு போல்ட்டு கூடுதலாத்தான் வைப்பான், சும்மா பயத்துக்கு" என்பார். கழற்றுவதெல்லாம் அவர். மாட்டிக்கொள்வது அவர் மனைவி ராமலட்சுமி.

ராமலட்சுமியிடம் ஒரு ஜீப் இருக்கிறது. அவள் பிறப்பதற்கு முன்பே பிறந்த ஜீப்; முன்சக்கர இழுவை என்றோ செத்துவிட்டது, பின்சக்கரம் மட்டும் இழுக்கும். பதினோரு வருஷம் ஏலக்காட்டில் குனிந்து காய் எடுத்தவள், முதுகு இனித் தாங்காது என்று ஆனபிறகு வண்டி ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்து, சுற்றுலாக்காரர்களை மலை உச்சிக்கு ஏற்றிப்போகிற ஜீப் ஸ்டாண்டில் இரண்டு வருஷம் நடையாய் நடந்து ஏழாவது இடத்தை வாங்கினாள். ஸ்டாண்டில் வேறு பெண் கிடையாது. மழை முடிந்து மலைப்பாதை திறக்கிற நாளில் காலை எட்டு மணிக்கு வண்டியோடு அங்கே நிற்க வேண்டும் என்பது சட்டம். நிற்காதவர் பெயரை ஸ்டாண்டுச் செயலாளர் வேதமுத்து அந்த வருஷத்துக்கே அடித்துவிடுவார். "வரிசையில உன் டேர்னு போனா போனதுதாம்மா. அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். இந்த வருஷம் பாதை திறப்பு வியாழக்கிழமை. அதைத் தவறவிட்டால் அவள் மறுபடி ஏலக்காட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாண்டீஸ்வரன் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார்.

"என்னங்க செய்றீங்க அங்க?"

"பின் ஆக்ஸில் லேசா முனகுது லட்சுமி."

"முனகட்டும். நானுந்தான் முனகிக்கிட்டே ஓடுறேன், என்னையும் கழட்டவா போறீங்க?"

யார் காதில் விழுகிறது? மலையிறங்கிக் கம்பம் போயிருந்தபோது அங்கே ஒரு காயலாங்கடையில் பிக்கப் வண்டியின் பின் ஆக்ஸில் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்தே மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. அதைப் பற்றி அவர் பேசியதைக் கேட்டால், பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை தோற்றான். "என்னா கனம், என்னா பல்லு! மேட்டுல அப்படியே அள்ளிக்கிட்டுப் போகும். ரெண்டு மணிக்கூர் வேலை. கழட்டுறோம், தூக்குறோம், அப்படியே உக்காந்துரும்!" ஜீப்பின் பழைய ஆக்ஸிலைக் கழற்றிக் கம்பத்துக்குக் கொண்டுபோய், அதைக் கொடுத்து இதை வாங்கி வந்தார். அன்று சாயங்காலமே பழையது உடைபட்டு இரும்புக்குப் போய்விட்டது என்பது அவருக்கு ஒரு தகவலாகக்கூடப் படவில்லை.

இந்த "அப்படியே உக்காந்துரும்" காதில் விழுந்தால், ஐயா, நீங்கள் வண்டிச் சாவியை எடுத்து ஒளித்துவிடுங்கள். உலகத்தில் எது எதில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது? புது ஆக்ஸில் நாலு விரற்கடை அகலம் கூடுதல். பிரேக் குழாய் எட்டவில்லை. அதையெல்லாம் இழுத்துப் பிடித்துச் சரிக்கட்டினாலும் ஒரு சங்கடம் தீரவில்லை. ஜீப்பில் ஆக்ஸில் மேலே இருக்கும், ஸ்பிரிங் பட்டை அதற்குக் கீழே இருக்கும். பிக்கப்பில் பட்டை மேலே, ஆக்ஸில் கீழே. ஆகவே பட்டை வந்து பொருந்துகிற மேடை புது ஆக்ஸிலின் தலைப்பக்கம் இருந்தது. ஜீப்புக்கு அது வயிற்றுப்பக்கம் வேண்டும்.

பூப்பாறை மெக்கானிக் ஜோஜோவை ராமலட்சுமிதான் செவ்வாய்க்கிழமை கூப்பிட்டு வந்தாள். அவன் குனிந்து ஒரு பார்வை பார்த்தான். "சேட்டா, இந்த மேடையை அறுத்துட்டு அடியில வெல்டு வெக்கணும். ஒரே ஒரு நாள் பணி. நாளைக்கு நான் வந்து செஞ்சு தரேன்."

அறுப்பதா? வெல்டா? பாண்டீஸ்வரனுக்கு மானமே போய்விட்டது. தானாக உட்கார வேண்டியதை இன்னொருவன் வந்து அறுத்து ஒட்டி உட்கார வைத்தால், அப்புறம் இவர் எதற்கு? ஜோஜோவுக்கு டீ வாங்கிக் கொடுத்து, தோளில் தட்டி, "வேணும்னா சொல்லி அனுப்புறேன்" என்று அனுப்பிவைத்தார். புதன்கிழமை லீவு போட்டுவிட்டு அந்த ஆக்ஸிலுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவருக்கு மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஞானம் பிறந்தது. மேடை தலையில்தானே இருக்கிறது? ஆக்ஸிலையே கவிழ்த்துவிட்டால்?

கவிழ்த்தார். அப்படியே உட்கார்ந்தது! ஒரு துளைகூடப் பிசகவில்லை. காற்று போய்வர மேலே இருக்க வேண்டிய மூச்சுத்துளை இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு ஆயிலைச் சொட்டவிட்டது. அதற்கென்ன, ஒரு கந்தைத் துணியைச் சுருட்டி அதில் செருகினார். நாளைக்கு ஜோஜோவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைக்க நினைக்க அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஓட்டிப் பார்த்தாரா என்று கேட்கிறீர்களா? கழற்றிமாட்டி எந்தக் காலத்தில் ஓட்டிப் பார்த்தார்? பொருந்திவிட்டால் அவர் வேலை முடிந்தது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ராமலட்சுமி சேலைக்கு மேல் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியைக் கிளப்பி முதல் கியரைப் போட்டாள். ஜீப் விருட்டென்று பின்னால் போய்க் கோழிக்கூண்டில் முட்டி நின்றது.

"கியரைப் பாத்துப் போடு!"

"பாத்துத்தாங்க போட்டேன்!"

முன்னால் நகர்த்துவதற்காக இரண்டாவது கியரைப் போட்டாள். கோழிக்கூண்டு தரைமட்டமானது. பாண்டீஸ்வரன் ஓடிவந்து ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஆக்ஸிலைக் கவிழ்த்தால் அதற்குள் இருக்கிற பெரிய பல்சக்கரமும் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போய்விடும், சக்கரங்கள் எதிர்த்திசையில் சுற்றும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆக, ஜீப்புக்குப் பின்னால் போக மூன்று கியர். முன்னால் போக ஒன்றே ஒன்று, ரிவர்ஸ்.

வேறு மனிதராக இருந்தால் அந்த இடத்திலேயே காலில் விழுந்திருப்பார். இவர் தொண்டையைச் செருமினார். "இதுலயும் ஒரு வசதி இருக்கு லட்சுமி, எறக்கத்துல பாத்தீன்னா..."

"வாயைத் திறந்தீங்க, இந்த ஜீப்பை உங்க மேல ஏத்திருவேன். பின்னால போற கியருதான் மூணு இருக்கே!" அவள் கண்ணில் நீர் முட்டியது. "அந்த இடத்துக்கு எத்தனை பேரு வாசல்ல நின்னேன்னு உங்களுக்குத் தெரியாதா? பொம்பளைக்கு எதுக்கு ஸ்டீரிங்குன்னு எத்தனை பேரு சிரிச்சான்? நகருங்க!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு ரிவர்ஸ் கியரைப் போட்டாள். ஜீப் முன்னால் நகர்ந்தது. ஸ்டாண்டு மூன்று கிலோமீட்டர். எஞ்சின் காட்டுக்கத்தலாகக் கத்த, வேகம் மட்டும் கல்யாண ஊர்வலத்தின் வேகமாக இருக்க, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையை ஆட்டிக்கொண்டு நடந்தே முந்திப்போக, பஸ்காரன் பின்னாலிருந்து ஹாரனை அழுத்திப் பிடிக்க, அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பாண்டீஸ்வரன் வண்டிக்குப் பக்கத்திலேயே சாவகாசமாக நடந்து வந்து, வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் "புது ஆக்ஸில். மலைக்குன்னே போட்ட ரேஷியோ" என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்டாண்டில் வேதமுத்து ஆறு பெயருக்கு டிக் அடித்துவிட்டு மணியைப் பார்த்துப் பேனாவைத் தூக்கிய நேரத்தில் ஜீப் அலறிக்கொண்டு வளைவு திரும்பியது. வண்டிகளைச் சுவர்ப்பக்கம் பின்னாலேயே ஏற்றி நிறுத்துவது அங்கே வழக்கம். ராமலட்சுமி ஜீப்பின் மூக்கைத் திருப்பினாள், முதல் கியரைப் போட்டாள், ஒரே மூச்சில் தன் இடத்தில் கொண்டுபோய்ச் செருகினாள். மற்ற டிரைவர்கள் கைதட்டினார்கள். வேதமுத்து ஏழாவது பெயருக்கும் டிக் அடித்தார்.

"பாத்தீங்களா?" என்றார் பாண்டீஸ்வரன் கூட்டத்தைப் பார்த்து. "ரிவர்ஸுக்கு மூணு கியர். எந்தக் கம்பெனி குடுக்குறான்?"

ராமலட்சுமி இறங்கினாள். "இடம் தப்பிச்சது. இன்னைக்கு எனக்கு ட்ரிப்பு இல்லை. ஆறு வண்டி மலையேறும், நான் இங்க நின்னு வேடிக்கை பாக்கணும்" என்றாள். பூப்பாறைக்குப் போன் போட்டாள். வெல்டிங் சாமானோடு வந்த ஜோஜோவின் கையில் புருஷனின் ஸ்பேனர் பையைத் தூக்கிக் கொடுத்தாள். "கொண்டுபோய் உன் கடையிலயே பூட்டி வச்சுக்க ஜோஜோ. நான் செத்துட்டேன்னு சொல்லிக்கிட்டு வந்து கேட்டாலும் குடுக்காத."

பாண்டீஸ்வரன் வெறுங்கையோடு சுவர் ஓரத்தில் போய் நின்றார். பாவம், திருந்திவிட்டார் என்று அவள்கூட ஒரு நிமிஷம் நினைத்தாள். அப்போது வேதமுத்து மெல்ல அவர் பக்கத்தில் வந்து, அக்கம்பக்கம் பார்த்து, "பாண்டி, என் வண்டியில கியர்பாக்ஸ் லேசா எறையுதுப்பா" என்றார்.

"எந்த மாடல்ண்ணே?" என்றார் பாண்டீஸ்வரன்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆக்ஸிலைக் கவிழ்த்ததால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றியது என்று படித்தீர்களே, அந்த இடத்தில் உங்களுக்கு ராமலட்சுமியின் எட்டு மணி நினைவுக்கு வந்ததா, அல்லது, "அட, உள்ளே இருக்கிற பல்சக்கரத்தை மட்டும் திருப்பி மாட்டியிருந்தால் போதுமே" என்று தோன்றியதா? இரண்டாவதுதான் என்றால், தயவுசெய்து ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வாருங்கள். உங்கள் வீட்டிலும் யாரோ நாளைக் காலையில் நேரத்துக்கு ஓரிடம் போய்ச் சேர வேண்டியிருக்கும்.