உயிருள்ள இருமல்

உலகத்தில் எத்தனையோ மகத்தான குரல்கள் தோன்றி மறைந்திருக்கின்றன. ஆனால் ஓர் இருமலுக்காக ஒரு வானொலி நிலையமே எழுந்து நின்று கைதட்டிய பெருமை, 'வெண்கலம்' ஒருவரையே சேரும். வெண்கலம் என்பது உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பட்டப்பெயர். தொழில், அறிவிப்பாளர்.

ஒருநாள் சுகாதாரத் துறையின் விழிப்புணர்வு விளம்பரம் அவர் கைக்கு வந்தது. "இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? உடனே சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோயை முழுமையாகக் குணப்படுத்தலாம்." வெண்கலம் கணீரென்று ஆரம்பித்தார். 'இருமலா?' என்று கேட்ட மாத்திரத்தில் அவர் நெஞ்சுக்குள்ளிருந்தே பதில் வந்துவிட்டது. லேசான பதிலா? மைக்கே ஒரு தரம் ஆடி நின்றது. மன்னிப்புக் கேட்டு மறுபடி வாசிக்கப் போனவரை நிலைய இயக்குநர் ஓடிவந்து தடுத்தார்.

"இதுல உயிர் இருக்குய்யா. அப்படியே இருக்கட்டும்."

உண்மைதான். வெண்கலத்தின் உயிர் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குத்தான் குடிமாறிக்கொண்டிருந்தது. சாயங்காலமானால் காய்ச்சல். சட்டை, ஆணியில் தொங்கியபோது இருந்ததைவிட அவர் மேல் தொளதொளவென்று தொங்கியது.

அவசரக் கூட்டம் கூடியது. பதிவு செய்து ஆறிப்போன இருமலை ஒலிபரப்புவது நேயர்களுக்குச் செய்யும் துரோகம் என்று 'ஏகமனதாக' முடிவாயிற்று. இனி தினமும் நேரலையில், புத்தம்புது இருமல். இருமலின் தூய்மையைக் காக்க மின்விசிறி நிறுத்தப்பட்டது. கதவிடுக்கில் பஞ்சு அடைக்கப்பட்டது. கூடவே உட்காரும் ஒலிப்பதிவாளர், கொஞ்சம் காத்து வந்தால் தேவலை என்று முனகினார். காற்றுக்கும் சத்தம் உண்டு என்ற அறிவியல் உண்மையை இயக்குநர் அவருக்கு எடுத்துச் சொன்னார். விளம்பரம் எழுதியவர் தன் படைப்பு உயிர் பெறுவதைப் பார்க்க வந்து உட்கார்ந்தார். இயக்குநரோ நாற்காலியை வெண்கலத்தின் முகத்துக்கு நேரே போட்டு, கண்ணை மூடி ரசித்தார்.

ரசனையில்லாத ஒரே ஜீவன் வெண்கலத்தின் மனைவி. வியர்வையில் நனைந்த தலையணை உறையைத் தினமும் அலசிப் போடுகிறவருக்குக் கலையுணர்வு எங்கிருந்து வரும்? ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார், சண்டை பிடித்துப் பார்த்தார். ஊருக்கே சொல்கிறீர்களே, உங்கள் காதில் விழவில்லையா என்றும் கேட்டுப் பார்த்தார்.

"வாசிக்கிறது என் வேலை. கேக்கிறது நேயர்கள் வேலை" என்றார் வெண்கலம்.

அந்த அம்மாள் யோசித்தார். மறுநாள் வெண்கலம் நடத்தும் 'நேயர் விருப்பம்' நேரலையில் தொலைபேசி அடித்தது.

"எந்தப் பாட்டும்மா வேணும்?"

"பாட்டு வேணாங்க. நாளைக்குக் காலையில எழுந்ததும் நீங்க ஆழமா இருமி, ஒரு டப்பால சளி எடுத்துக் குடுக்கணும். அதான் என் விருப்பம்."

வெண்கலத்துக்கு யார் குரலென்று புரிந்துவிட்டது. ஆனால் ஊரே கேட்கிறது. நேயர் விருப்பத்தை மறுப்பது நிலையத்தின் கொள்கைக்கு விரோதம். கண்டிப்பாக நிறைவேற்றுகிறோம் என்றவர், பழக்க தோஷத்தில், யாருக்காகக் கேட்கிறீர்கள் என்றும் கேட்டுத் தொலைத்தார்.

"எனக்காகத்தான். எனக்கு வேற யாருங்க இருக்கா?"

மறுநாள் காலை வெண்கலம் டப்பாவோடு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றார்.

சளியில் கிருமி இருந்தது. ஆறு மாசம் மாத்திரையை விடாமல் விழுங்க வேண்டும், இப்போதைக்கு வீட்டோடு, முகக்கவசம் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். கொஞ்ச நாளில் உடம்பு தேறியதும், தனக்குக் குணமாகிவிட்டதாக வெண்கலமே அறிவித்தார். அறிவிப்பாளர் அல்லவா? விளம்பரத்தைப் பாதியில் நிறுத்தினால் மட்டும் ஒத்துக்கொள்வீர்களா என்று மனைவி மடக்கினார். மீதி மாத்திரையும் உள்ளே போனது.

அவரோடு அந்த அறையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று நர்ஸ் நிலையத்துக்கும் ஆள் அனுப்பியிருந்தார். ஒலிப்பதிவாளரும் விளம்பரம் எழுதியவரும் போனார்கள். இயக்குநர் போகவில்லை. விழிப்புணர்வு ஊட்டுகிறவர்களுக்கு எதற்குப் பரிசோதனை என்று கேட்டுவிட்டார்.

வேலைக்குத் திரும்பிய வெண்கலம் இருமாமல் வாசித்தார். "உயிரே இல்லையே" என்று இயக்குநர் வருந்தினார். வருத்தத்தின் நடுவே இரண்டு முறை இருமவும் செய்தார்.

ஆனால் தர்மம் தோற்குமா? அந்த ஆண்டின் 'சிறந்த விழிப்புணர்வு விளம்பரம்' விருது அந்த இருமல் விளம்பரத்துக்கே கிடைத்தது. ஜன்னல்கள் அடைத்த குளிரூட்டிய அரங்கில், கைக்குட்டையை வாயில் பொத்தியபடி இயக்குநர் கோப்பையை வாங்கினார். இந்த விளம்பரம் எத்தனை பேரைச் சென்றடைந்தது என்று மேடையில் கேட்டார்கள். அதைக் குரல் கொடுத்தவரே சொல்லட்டும் என்று இயக்குநர் மைக்கைப் பெருந்தன்மையோடு வெண்கலத்திடம் நீட்டினார்.

வெண்கலம் கணீரென்று சொன்னார்:

"விளம்பரம் சென்றடைஞ்சது ஒரே ஆளை. என் பொண்டாட்டியை. இருமல் சென்றடைஞ்சது இதுவரைக்கும் ரெண்டு பேரை. ஒலிப்பதிவாளரும் விளம்பரம் எழுதினவரும் ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டாங்க. மூணாவது ஆள் இன்னும் டெஸ்டுக்கே போகலை. அவர் கையிலதான் இப்ப கோப்பையைக் குடுத்திருக்கீங்க."