முருகனுக்கு ஓர் அம்பு முனை

புத்தகம் படிக்கிறவளுக்குத் தெரியாதது எதுவும் இருக்க முடியாது என்று எங்கள் வீட்டார் அன்று நம்பினார்கள். நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவள். அங்குள்ள நூல்களையெல்லாம் நானே முதலில் படித்து முடித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு இரவல் தருகிறேன் என்பது அப்பாவின் எண்ணம். தண்ணீர் மோட்டார் நின்றுபோனாலும் என்னைக் கேட்பார்கள், பூனை பால் குடிக்காவிட்டாலும் என்னைக் கேட்பார்கள். நானும் கேட்டவர்களை வெறுங்கையோடு அனுப்பியதில்லை. (தெரியாது என்று சொல்லத் தனியாக ஒரு படிப்பு வேண்டும், அது எனக்கு வாய்க்கவில்லை.) அந்த நம்பிக்கை ஒரு விஜயதசமி மாலையில் ஊரார் கண்முன் உடைந்தது. உடைத்தது நானல்ல. இதை வாயால் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டதால் எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முருகன், விஜயதசமியன்று மரக்குதிரை ஏறி வேட்டைக்குப் புறப்படுவார். தெருக்கோடி மைதானத்தில் வன்னிக் கிளை செருகிய வாழைமரம் ஒன்று நட்டிருக்கும். அரக்கன் அதுதான். சாமியின் சார்பில் குருக்கள் அதன்மேல் அம்பு விடுவார். அந்த அம்பைத் தட்டில் ஏந்தி வந்து கொடுக்கும் உபயம் எங்கள் குடும்பத்துக்கு உரியது. மூங்கில் குச்சி, நுனியில் வெள்ளிக் காகிதம். தலைமுறைகளாக அதுவே எங்கள் அம்பு. அது ஒருமுறையும் மரத்தில் தைத்ததில்லை. தண்டின்மேல் பட்டு, அசதி வந்ததுபோல் கீழே சரியும். சரிந்ததைப் பிரசாதமாக எடுக்க ஆட்கள் பாய்வார்கள். யாருக்கும் குறையில்லை.

குறை கண்டுபிடித்தவர், அவ்வாண்டு விழாக்குழுத் தலைவரான ஜவுளிக்கடைக்காரர். "உங்க அம்பு வேட்டைக்குப் போவுதா, படுத்துத் தூங்கப் போவுதா?" என்று அப்பாவைப் பொதுக்கூட்டத்தில் கேட்டார். இந்த முறையும் தைக்காவிட்டால், அடுத்த ஆண்டு முதல் வெள்ளி அம்பு செய்து தாமே தருவதாகவும் அறிவித்தார். அப்பா வீட்டுக்கு வந்து, தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தார். ஊடை இழை ஓட்டும் நாடாவை நெடுநேரம் தொடவில்லை. ஆண்டெல்லாம் அந்தக் குழியில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்குத் தெரு விலகி வழிவிடுவது அந்த ஒரு மாலைதான்.

"அக்கா, நல்ல முனையா நீ பாத்துச் சொல்லு. நான் ஆர்டர் போட்டுடறேன்" என்றான் தம்பி சரவணன்.

நான் பார்த்தேன். இணையத்தில், வில்லெடுத்து மான் வேட்டையாடும் அயல்நாட்டார் அம்பு முனைகளைப் பற்றி எழுதிவைத்திருக்கும் கடல் எனக்குத் திறந்தது. இரண்டு பிரிவினர். கத்திபோன்ற அலகுகள் அசையாமல் நிற்கும் முனையே உத்தமம் என்பார்கள் ஒரு சாரார். மடங்கிக் கிடந்து, இலக்கைத் தொட்டதும் விரிந்துகொள்ளும் அலகே மேல் என்பார்கள் மறு சாரார். கோயில் யானைக்கு எந்த நாமம் என்று வழக்காடிய ஊரில் பிறந்த எனக்கே அவர்களின் பகை மலைப்பாக இருந்தது. எடை, கூர்மை, காற்றில் போகும் நேர்த்தி என்று அனைத்தையும் ஆராய்ந்து, அசையா அலகுதான் நம்பகமானது, விரிகிற முனையில் எது எப்போது விரியும் என்று சொல்ல முடியாது என்ற முடிவுக்கு வந்தேன். குடும்பத்தைக் கூட்டி வைத்து விளக்கினேன். அதோடு நிறுத்தாமல், இந்த ஆண்டு அம்பு முனை என் தேர்வு என்று பால் வாங்கப் போன இடத்தில் சொன்னேன். பூ வாங்கப் போன இடத்திலும் சொன்னேன். (கோயில் வில்லைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. பிரம்பின்மேல் வெள்ளித் தகடு போர்த்திய அந்த வில்லால் உட்கார்ந்திருக்கும் ஈயைக்கூட எழுப்ப முடியாது.)

ஆயுத பூஜையன்று சரவணன் பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே இருந்தது விரிகிற முனை.

நான் கேட்டதற்கு அவன் நிதானமாகப் பதில் சொன்னான். "நீ சொன்னது கறிக்கடை கத்தி மாதிரி இருக்குதுக்கா. முருகன் கையில அத எப்டி வெக்கிறது? இது பாரு, மூடிக்கினு இருந்தா வேல் மாதிரியே இருக்குது."

இருந்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல். அலகுகளை மடக்கிப் பிடித்துக்கொள்ள அதன் கழுத்தில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருந்தது. அப்பா அதைப் பார்த்து, சாமி கைக்குப் போகிற பொருளில் ரப்பர் வேண்டாம் என்றார். சரவணன் வளையத்தைக் கழற்றி எறிந்தான். அவன் மனைவி வசந்தி, தறிக்கும் நாடாவுக்கும் கட்டியதுபோல் அந்த முனைக்கும் மஞ்சள் நூலால் காப்புக் கட்டி, சந்தனம் குங்குமம் வைத்தாள். அந்த வளையம் காரணத்தோடு இருந்தது என்று நான் சொன்னேன். "அதான் நூல் கட்டிக்கிதே அண்ணி" என்றாள் வசந்தி. நூல் இறுக்கமாகத்தான் இருந்தது.

காப்பு என்று ஒன்றைக் கட்டினால் அதைக் காரியத்துக்கு முன் ஒருவர் அவிழ்ப்பார் என்பது, பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துவரும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் மாலை அப்பா புது வேட்டி உடுத்தித் தட்டை ஏந்தி வந்தார். தெரு விலகியது. குதிரைமேல் முருகன், அப்பாவே நெய்த அரக்குநிறப் பட்டும் கனத்த சம்பங்கி மாலையுமாக வீற்றிருந்தார். குருக்கள் அம்பை எடுத்தார். முறைப்படி மந்திரம் சொன்னார். முறைப்படி மஞ்சள் நூலை அவிழ்த்தார். முறைப்படி, சாமியின் உத்தரவு பெறுவதற்காக, முனையால் சாமியின் மார்பைத் தொட்டார்.

அலகுகள் விரிந்தன. பட்டைக் கிழித்து, மாலை நாரில் புகுந்து, கொக்கிபோல் மாட்டிக்கொண்டன. குருக்கள் இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். சாமி குதிரையோடு அசைந்தார். பின்னால் நின்ற மேளக்காரர்களுக்கு இது எதுவும் தெரியவில்லை. அம்பு பாய்ந்துவிட்டது என்றெண்ணிக் கெட்டிமேளம் கொட்டி, பிறகு கூட்டத்தின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினார்கள்.

அந்த அமைதியில்தான் நான் பேசினேன். விரிந்த அலகு பின்புறம் சாய்ந்திருக்கும். இழுக்க இழுக்க இறுகும். விடுவிக்க வேண்டுமானால் எதிர்த்திசையில் நகர்த்த வேண்டும். இது அறிவியல். நான் படித்திருந்தேன். ஆகவே உரத்த குரலில் சொன்னேன்:

"இழுக்காதீங்க சாமி. முன்னால குத்துங்க."

முருகன் மார்பில் அம்பைக் குத்தச் சொன்ன பெண்ணை மைதானம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அறிவுரையில் பிழை இல்லை என்பதை இன்றும் நிரூபிக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

ஜவுளிக்கடைக்காரர் அப்பாவிடம் வந்தார். "வேட்டைக்குப் போற சாமிக்கே கண்ணி வெச்சிட்டீங்களேப்பா" என்றார். சிலர் சிரித்தார்கள். அப்பா சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. கிழிந்த பட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சிபோச்சும்மா" என்று என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார். அவரைத் தொட்டுப் பிடித்துக்கொண்டேன். அந்த நிமிடத்தில் அறிவியல் எனக்கு உதவவில்லை.

உதவியவர் குருக்கள். இழுத்துக் கிழித்தது தம் கைதான் என்ற கவலை அவருக்கும் இருந்திருக்க வேண்டும். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தலைவரைப் பார்த்து அமைதியாகச் சொன்னார்.

"நான் கேட்டுப் பாத்துட்டேன். சாமி குடுக்க மாட்டேங்கறார். இவா ஆத்து அம்பைத் தன் நெஞ்சோட வெச்சுண்டுட்டார். இனிமே இந்த உபயத்த வேற ஆத்துக்கு மாத்தச் சொல்ற தைரியம் எனக்கில்லை. உங்களுக்கு இருக்கா?"

தலைவருக்கு இல்லை. யாரோ பின்னாலிருந்து அரோகரா என்றார். மைதானமே திருப்பிச் சொன்னது. அம்பு சாமியின் மார்பிலேயே இருக்க, ஊர்வலம் கோயிலுக்குத் திரும்பியது. அரக்கன் அந்த ஆண்டு கீறல் இல்லாமல் தப்பினான். அப்பா தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். தெரு அவருக்கு முன்னைவிட அகலமாக வழிவிட்டது.

இனிதான் என் வழக்கு. சாமி விரும்பி வைத்துக்கொண்ட முனையை வரவழைத்தவன் என்ற பெருமை சரவணனுக்குப் போனது. பட்டைக் கிழித்த முனையைத் தேர்ந்தெடுத்தவள் என்ற பழி எனக்கு வந்தது. இரண்டும் ஒரே முனை என்பதும், நான் தேர்ந்தெடுத்தது அது அல்லவே அல்ல என்பதும் எவர் காதிலும் ஏறவில்லை. பாலும் பூவும் வாங்கிய இடங்களில் எல்லாம் நானே சாட்சிகளைத் தயார் செய்து வைத்திருந்தேன் அல்லவா. விழாக்குழு ஒரு விதி கொண்டுவந்தது: அம்பு முனையில் எலுமிச்சம்பழம் செருகியே தர வேண்டும். வீட்டில் நிலைக்கதவு இறுகினாலும் ஊறுகாய்ச் சாடி திறக்க மறுத்தாலும் யாராவது ஒருவர், "அக்காவக் கூப்புடு, முன்னால குத்தச் சொல்லுவாங்க" என்கிறார்கள். சரவணன் கட்டிய புது வீட்டின் கிரகப்பிரவேசத்தில் முன்பின் அறியாத ஒருவர் என்னிடமே இதைச் சொல்லிச் சிரித்தார்.

அந்தக் குருக்கள் இப்போது மகனோடு மும்பையில் இருக்கிறார். சரவணன் குடும்பம் ஓசூருக்குக் குடிபோய்விட்டது. திருவிழாவுக்கு வந்தால் உண்டு. அப்பா போன பிறகு தறியைப் பிரித்து அடுக்கிவிட்டோம். விஜயதசமியன்று அம்புத் தட்டை நான்தான் எடுத்துப் போகிறேன்.