ஓட்டையில்லாத குழாய்

எந்த ஊரிலும் தேடாமலே அகப்படும் ஓர் இனம் உண்டு. திருத்தக்காரர் என்று அதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். எதைக் கையில் கொடுத்தாலும் இவர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், "எல்லாம் சரிதான், இதுல ஒரு சின்ன மாத்தம் பண்ணணும்" என்பார். குடையைக் கொடுத்தால் காம்பு நீளம். இட்லியைக் கொடுத்தால் நடுவில் துளை வேண்டும், சட்னி இறங்க. செய்தவன் மடையன் என்று மட்டும் சொல்லமாட்டார். மரியாதை தெரிந்தவர்.

சிவகாசியில் கம்பி மத்தாப்புக் கம்பெனி நடத்தும் கனகசபாபதி அண்ணாச்சி இந்த இனத்தின் மாணிக்கம். லேபிள் எல்லாம் என் அச்சாபீஸில்தான் அடிப்பார். அதனால் பக்கத்தில் இருந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு.

அறுபத்திரண்டாம் வருஷம் அவர் சம்பந்திக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. விருதுநகர் டாக்டர் லட்சுமிகாந்தம் குழாய் போட்டுச் சரிப்படுத்தினார். அண்ணாச்சி விடுவாரா? விளக்கம் கேட்டார். வளைந்து கொடுக்கும் மெல்லிய கம்பி முதலில் உள்ளே போய் வழி பிடிக்கும், அதன்மேல் குழாயை ஏற்ற வேண்டும், குழாய் போய்ச் சேர்ந்ததும் கம்பியை உருவிவிட வேண்டும் என்றார் டாக்டர். கடைசிச் சொல்லில் அண்ணாச்சி துடித்துப்போனார்.

"உருவுறதா? நல்ல கம்பியை உருவிப் போடவா இம்புட்டுப் பாடு? இதுல ஒரு சின்ன மாத்தம் பண்ணணும், டாக்டரய்யா."

பாவம், அவர் என்ன செய்வார்? மத்தாப்பில் கம்பியை உருவினால் மிஞ்சுவது என்ன? மறுவாரமே தீபாவளி ஆர்டரைத் தள்ளிவைத்துவிட்டு, சட்டத்தில் கம்பிகளை வரிசையாகச் செருகி, மத்தாப்பு மருந்துக்குப் பதில் சைக்கிள் கடை ரப்பர் சொல்யூஷனில் முக்கி, வெயிலில் காயவைத்து, மறுபடி முக்கி, மறுபடி காயவைத்து, ஒரு லோடு குழாய் செய்துவிட்டார். அதற்கு முன்பே லேபிள் அடித்தாகிவிட்டது. மயில் படம். மயிலின் வாயில் பாம்புக்குப் பதில் குழாய். கீழே, 'என்றும் அடைக்காதது'.

நான் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். "அண்ணாச்சி, கம்பி உள்ளயே ஒட்டிக்கிடக்கே. நீர் இறங்க ஓட்டை எங்கன?"

என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஏலே, ஓட்டை இருந்தாத்தானலே அடைக்கும்?"

நான் லேபிளை எண்ணிக் கட்டத் தொடங்கினேன். பெரிய ஆர்டர்.

ஐப்பசியில் அண்ணாச்சிக்கே அடைத்துக்கொண்டது. அடிவயிறு கல்லாகி, வேர்த்து விறுவிறுத்து, கத்தவும் தெம்பில்லாமல் கிடந்தவரை வாடகைக் காரில் விருதுநகருக்குக் கொண்டுபோனோம். இன்னும் தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். அண்ணாச்சியின் மனைவி செல்லக்கனி பதற்றத்திலும் பொறுப்பாக மயில் மார்க் பெட்டி ஒன்றைத் தூக்கி வந்திருந்தார்.

"இதையே போடுங்க டாக்டரய்யா. அவுக ஆசையாச் செஞ்சது."

டாக்டர் ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். "போட்டுரலாமா, அண்ணாச்சி?"

"ஐயோ, வேண்டாம்!" அண்ணாச்சிக்கு எங்கிருந்தோ குரல் வந்துவிட்டது. "உருவுற கம்பியே போடுங்க! போட்டு உருவிருங்க, சாமி!"

போட்டார். உருவினார். நீர் இறங்க இறங்க அண்ணாச்சி முகத்தில் உயிர் வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல மனுஷன்.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? அவர் உதடு மெல்லப் பிதுங்கியது.

"குழாயில குத்தமில்ல, டாக்டரய்யா. இந்த மூத்திரப் பையை ஆண்டவன் எங்கன கொண்டுபோய் வச்சிருக்கான் பாருங்க! உடம்புலதான் ஒரு சின்ன மாத்தம் பண்ணணும்."

சரி, வாசகரே, நீங்களும் கடைசி வரை வந்துவிட்டீர்கள். 'எல்லாம் சரிதான், இந்த முடிவில் மட்டும் ஒரு சின்ன...' என்று உதடு பிதுங்குகிறதா? கூச்சப்படாமல் விலாசம் அனுப்புங்கள். லேபிள் கூலிக்கு ஈடாக வந்த மயில் மார்க் சரக்கு முழுவதும் என் அச்சாபீஸில்தான் கிடக்கிறது.