ராக்கெட் பெண் பார்க்கப் போனார்

மனிதன் சந்திரனில் கால் வைத்ததற்கு அமெரிக்காவைவிட அதிகமாக அலட்டிக்கொண்டவர் எங்கள் ராக்கெட்தான். கிண்டியில் குமாஸ்தா, தி.நகர் லாட்ஜில் என் அறைத்தோழர். சொந்த ஊர் செங்கல்பட்டைத் தாண்டி ரயிலேறியதில்லை. ஆனால் பூமியைத் தாண்ட வழி கேட்டால், சாம்பார் ஆறிப்போகும்வரை சொல்வார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். விஷயம் தெரிந்தவர் பேசும்போது எழுந்து போகக் கூடாது என்று நம்பியிருந்தேன். அதனால் ராக்கெட்டுக்கு என்னை ரொம்பப் பிடிக்கும்.

ஒருநாள் பனகல் பார்க் அருகே வாய் தவறிக் கேட்டுவிட்டேன். “காத்தே இல்லாத இடத்துல ராக்கெட் எதை உதைச்சுக்கிட்டுப் போகும் சார்?”

அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற காய்கறித் தள்ளுவண்டியில் தாவி ஏறி, ஒரு பூசணிக்காயைப் பின்பக்கமாக வீசினார். வண்டி ஒரு சாண் முன்னே உருண்டது.

“பார்த்தியாடா? எதையும் உதைக்க வேண்டாம். கையில இருக்கறதைப் பின்னால வீசினா போறும், தானா முன்னால போகும்!”

“யோவ், இன்னாயா பண்ற?” என்று வண்டிக்காரி ஓடிவந்தாள்.

“வண்டி நகர்ந்துதா இல்லையா, அதைச் சொல்லும்மா!”

“வண்டி கெடக்கட்டும், மொதல்ல நீ நகரு!”

உடைந்த பூசணியை நாங்களே வாங்கிவந்தோம்.

இந்த வாயால் அவருக்கு வந்த வரன்கள் வரிசையாகத் தட்டிப்போயின. கடைசியாகப் போன வீட்டில், உருகி உருகிப் பாடிய பெண்ணிடம், “விண்வெளில இது யார் காதுலயும் விழாது” என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அடுத்தது மயிலாப்பூர். “இதுவும் போச்சுன்னா நான் லாட்ஜோட சரிடா. பேச்சு மேலே கிளம்பித்துன்னா காலை மிதி” என்று என்னையும் அழைத்துப் போனார்.

கேசரிவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு பெண்ணின் அப்பா, சும்மா இருக்காமல், “ஆகாசத்துல விடற அந்தக் கலம் எப்படி மேலேயே சுத்தறது? விழாதோ?” என்றார். நான் மிதித்தேன். ராக்கெட் அதற்குள் எழுந்துவிட்டார்; என் காலடியில் இருந்தது வெறும் ஜமக்காளம்.

“விழுந்துண்டேதான் இருக்கு மாமா! ஆனா போற வேகத்துல தரையைத் தவற விட்டுண்டே இருக்கு. இதோ, என் கைதான் பூமியோட இழுப்பு!”

மூலையிலிருந்த பால் தூக்கை எடுத்துக் கீழிருந்து தலைக்கு மேல்வரை வட்டமாகச் சுழற்றினார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. மாமாவே கை தட்டினார். அப்போதுதான் தெரிந்தது, ராக்கெட்டுக்குச் சுற்றத்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது என்று. தூக்கு உச்சிக்குப் போனபோது வேகத்தைக் குறைத்தார். பால் முழுவதும் மாமா தலையில்.

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். பெண் மட்டும் ராக்கெட்டை நிமிர்ந்து பார்த்தாள்.

“மேலே போறதெல்லாம் சரி. திரும்பி வரதுக்கும் யோசிச்சு வெச்சிருக்கணுமோல்லியோ?”

ராக்கெட் அன்றுதான் முதல்முறையாக மெல்லிய குரலில் பேசினார். “அதுதான் ரொம்பக் கஷ்டம். அவசரப்பட்டா எரிஞ்சு போயிடும்.”

“அப்போ மெதுவாவே வாங்கோ” என்றாள், அப்பாவுக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தபடி.

மறுவாரமே பெண் வீட்டிலிருந்து ஆள் வந்தது. இவரைத் தவிர வேறு யாரையும் பண்ணிக்கொள்ள மாட்டேன் என்கிறாளாம்.

தை மாதம் கல்யாணம். ராக்கெட் அறையைக் காலி செய்துகொண்டு போனார். அன்று லாட்ஜில் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தோம். சாம்பார் சுடச்சுட இருந்தது. ஏனோ, ஒருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.