டனலுக்குள் மட்டும் அரசியல்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் அரசியலும் பேசி, நண்பர்களையும் இழக்காமல் இருந்தவர்கள் மொத்தமே பதினோரு பேர். அந்தப் பதினோரு பேரும் டனல் அண்ணனின் வேனில் வேலைக்குப் போனவர்கள். சந்தேகம் உள்ளவர்கள் தங்கள் வாட்சப் குழுவைத் திறந்து, போன தேர்தலுக்கு முன் எத்தனை பேர் இருந்தார்கள், இப்போது எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம். எனக்கு எண்ணத் தெம்பில்லை.

டனல் அண்ணனின் சொந்தப் பெயர் ஒரு காலத்தில் வேன் கதவில் எழுதியிருந்தது. நாங்கள் ஏறி இறங்கியே அதை அழித்துவிட்டோம். வீடு தஞ்சோங் ரம்புத்தானில். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே கேட்பவர் ஓர் எட்டு பின்வாங்குவார். மனநல மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. அதனால் அண்ணன் முகவரி சொல்லும்போது, "ஊர்லதான் இருக்கேன், ஆஸ்பத்திரியில இல்ல" என்பதையும் சேர்த்தே சொல்லுவார்.

விடிவதற்கு முன் ஈப்போவின் சிலிபினில் எங்களை ஏற்றிக்கொண்டு, கமுந்திங் தொழிற்பேட்டையில் ஒரு கையுறைத் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிடுவார். எங்கள் அப்பா அம்மாக்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். நாங்கள் அந்தப் பாலில் கை செய்தோம். இதற்குப் பெயர் முன்னேற்றம் என்று எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் சொன்னதால் நாங்களும் நம்பிவிட்டோம்.

ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே நெடுஞ்சாலை ஒரு மலையைக் குடைந்துகொண்டு போகிறது. அந்தச் சுரங்கம்தான் டனல். அண்ணனின் வேன் முக்கி முனகி ஓடினாலும் உள்ளே நுழைந்து வெளியே வர ஒரு நிமிஷம் ஆகாது. அண்ணனின் சட்டம் அங்கேதான் தொடங்கி அங்கேதான் முடியும்.

"வேன்ல ஏறினா சாப்பாடு பேசு, சம்பளம் பேசு, மாமியார ஏசு, ஒன்னும் கேக்க மாட்டேன். அரசியல் மட்டும் டனல் உள்ள. வெளிச்சம் வந்துச்சா, வாய மூடு லா."

"ஏன்ணே டனல் உள்ள மட்டும்?"

"அங்கதான் ரேடியோ எடுக்காது. சும்மா கரகரன்னு கேக்கும். அதுக்கு நீங்க பேசினா தேவல."

இதுதான் காரணம் என்று வெகுநாள் நம்பியிருந்தேன். பிறகு பேக்கிங் பிரிவு அக்கா உண்மையைச் சொன்னார். பல வருஷத்துக்கு முன், நான் வேனில் சேருவதற்கும் முன்னால், ஒரு தேர்தல் வாரத்தில் பின்சீட்டில் நடந்த சண்டையில் அண்ணனும் கலந்துகொண்டார். ஒரு கையில் ஸ்டீரிங், மறு கையில் நாட்டின் எதிர்காலம். கமுந்திங் போய்விட்டது. புக்கிட் மேரா போய்விட்டது. நேரே கடல் தெரிந்தபோதுதான் அண்ணனுக்கு லேசாகச் சந்தேகம் வந்ததாம். பட்டர்வொர்த். வேனில் இருந்தவர்களுக்கெல்லாம் அரை நாள் வேலை போனது. அண்ணன் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்து, படகுத்துறையைப் பார்த்தபடி இந்தச் சட்டத்தை இயற்றினார்.

மீறினால் தண்டனை உண்டு. அந்தப் பழைய வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டுக்கு அடியில்தான் எஞ்சின். அதன் மேல் ஒரு வாரம் உட்கார வேண்டும். இறங்கும்போது பின்பக்கம் பரோட்டா பதத்தில் இருக்கும். ஒரு நாள் கோலகங்சார் தாண்டியதும் பேக்கிங் அக்கா, "வெங்காயம் வெலையப் பாத்தீங்களா?" என்று கேட்டு வைத்தார். இது அரசியலா இல்லையா என்று வேனே இரண்டுபட்டது. அண்ணன் இரண்டு கிலோமீட்டர் யோசித்துத் தீர்ப்பு சொன்னார்: "வெங்காயம் வெல ஏறிடுச்சுன்னா அது சமையல். யாரால ஏறிச்சுன்னு கேட்டா அரசியல்." அக்கா தப்பினார்.

நான் சேர்ந்த புதிதில் டனலுக்குள் நுழைந்ததும் பதினோரு பேரும் ஒரே நேரத்தில் கத்துவோம். யார் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. வெளிச்சம் வந்ததும் அண்ணன் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். எல்லோரும் வயிறு சுத்தமானதுபோல் அமைதியாகிவிடுவோம். ஆனால் கத்தலில் அண்ணனுக்குக் காது அடைத்தது. சட்டத்தைத் திருத்தினார். காலையில் போகும்போது ஒருவர் பேச வேண்டும். சாயங்காலம் திரும்பும்போது இன்னொருவர் பதில் சொல்ல வேண்டும்.

இந்தத் திருத்தத்தின் மகிமையை எந்த நாடாளுமன்றமும் இன்னும் உணரவில்லை. காலையில் ஒருத்தன் உங்கள் தலைவரைத் திருடன் என்று சொல்லுவான். உங்களுக்கு ரத்தம் கொதிக்கும். ஆனால் பதில் சாயங்காலம்தான். இடையில் பத்து மணி நேரம் மெஷினுக்கு முன்னால் நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கான வெள்ளைக் கைகள் வரிசையாக உங்களைப் பார்த்து ஆட்டிக்கொண்டே போகும். சாயங்காலம் டனல் வரும்போது கொதித்த ரத்தம் கெட்டியாகி, கால் வீங்கி, கண் சொக்கியிருக்கும்.

"டேய், காலைல நீ என்ன சொன்னே?"

"தெரியலடா. ஏதோ சொன்னேன்."

"சரி, அது தப்பு."

"சரிடா."

அது ஆட்சிகள் அடுத்தடுத்து மாறிக்கொண்டிருந்த காலம். திங்கட்கிழமை திட்டியவர்கள் வெள்ளிக்கிழமை கூட்டாளி ஆகிவிடுவார்கள். நாங்கள் மட்டும் அதே வேனில், அதே சீட்டில், அதே தூக்கத்தில் போய்வந்துகொண்டிருந்தோம்.

என் பக்கத்து சீட் சேகருடையது. நானும் அவனும் ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே தமிழ்ப்பள்ளியில் ஒரே பிரம்பில் அடி வாங்கியவர்கள். கம்பெனி தோட்டத்தை விற்ற பிறகு சிலிபினில் எதிரெதிர் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அவன் ஒரு கட்சி, நான் வேறு கட்சி. ஒன்பது வருஷம் டனல் சட்டம் எங்களைக் காப்பாற்றியது. வம்பு டனலுக்கு வெளியே, ஒரு சனிக்கிழமை வந்தது. என் வடிவத்தில்.

தேர்தல் நேரம். சேகர் அவன் கட்சிக் குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் நிற்பதைப் பார்த்தேன். மறு கையில் ஒரு பிரியாணிப் பொட்டலம். எனக்குக் கை சும்மா இருக்காது. படம் எடுத்து, "ஒரு பொட்டலம், ஒரு குடை, விலை போனது ஒரு மாடு" என்று எழுதி எங்கள் தோட்டத்து நண்பர்கள் குழுவில் போட்டேன். ஊரே சிரித்தது. நானும் என் ஜோக்குக்கு நானே சிரித்துக்கொண்டிருந்தபோது திரையில் ஒரு வரி வந்தது. சேகர் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான்.

அப்புறம் நான் பட்ட பாட்டைக் கேட்டால் எதிரிக்கும் இரக்கம் வரும். அவனுக்குத் தனியாக மன்னிப்பு எழுதினேன், அழித்தேன். எழுதினேன், அழித்தேன். ஏழாவது தடவை பதற்றத்தில் விரல் வழுக்கி ஒரு ரோஜாப்பூப் படம் போய்விட்டது. அதன் கீழே "இனிய காலை வணக்கம், நல்லதே நடக்கும்." அப்போது ராத்திரி ஒன்பது மணி. சேகர் அதைப் பார்த்துவிட்டான் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள் சாட்சி. என் மனைவி, "எதிர்வீடுதானே, போய்ப் பேசிட்டு வாங்க" என்றாள். வாசல்வரை போய், குப்பையைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தேன்.

திங்கட்கிழமை சேகர் என் பக்கத்தில் உட்காரவில்லை. நேரே போய் எஞ்சின் சீட்டில் உட்கார்ந்தான். தண்டனையே இல்லாமல் ஒருத்தன் அதில் தானாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. என் பக்கத்தில் இருப்பதைவிட வேகுவது மேல் என்று முடிவெடுத்துவிட்டான். மூன்று நாள் அப்படியே போனது. அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த அவனைப் பார்த்தார்.

நான்காம் நாள் வேன் புறப்பட்டதும் அறிவித்தார்: "இன்னிக்கு காலைல சேகர் பேசுவான். சாயங்காலம் எதிர்வீட்டுக்காரன் பதில்."

டனலுக்குள் நுழைந்தோம். பதினோரு காதும் சேகரிடம். சேகர் ஒரு வார்த்தை பேசவில்லை. ரேடியோ கரகரத்தது. வெளிச்சம் வந்தது. ஹாரன் இரண்டு தடவை.

அன்று முழுக்க எனக்கு மெஷின் தெரியவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லலாம். பேசாததற்கு என்ன பதில் சொல்லுவது? வரிசையாக வந்த கைகள் எல்லாம் என்னைப் பார்த்து, போ, போ என்றன. கிழிந்த கையுறையை நல்ல பெட்டியிலும் நல்லதைக் குப்பையிலும் போட்டு, சூப்பர்வைசரிடம் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் டனல் வந்தது. "பதில் சொல்லு" என்றார் அண்ணன். தொண்டையைக் கனைத்தேன். வேன் நின்றது.

முன்னால் ஒரு லாரி டயர் வெடித்துக் குறுக்கே நின்றுவிட்டதாம். யாருக்கும் அடியில்லை. ஆனால் டனலுக்குள் சிவப்பு விளக்குகளாக ஒரு பெரிய வரிசை. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. என் முறையோ தொடங்கிவிட்டது.

"பேசு லா. இன்னும் டனல்தான்."

என் கட்சியின் திட்டங்களைச் சொன்னேன். ஒரு நிமிஷத்தில் தீர்ந்துபோனது. ஒன்பது வருஷத்தில் நாற்பது வினாடிக்கு மேல் எனக்குக் கொள்கை தேவைப்பட்டதே இல்லை. ஒரு ஜோக் சொன்னேன். எஞ்சின்கூடச் சிரிக்கவில்லை.

"சேகர், அந்தப் படம்... சும்மா வெளையாட்டுக்குத்தான்டா..."

"அது அரசியல் இல்ல" என்றார் அண்ணன். "சொந்தக் கதைய வெளிய போயி பேசு."

"அண்ணே, பாவம்ணே" என்றார் பேக்கிங் அக்கா. "அவன் மூஞ்சப் பாருங்க, புளிச்ச மாவாட்டம் இருக்கு."

"சட்டம் சட்டந்தான் அக்கா."

வேறு வழியில்லாமல் வாயில் வந்ததைக் கேட்டேன்: "சரி, நீ ஏன்டா அந்தக் கட்சியில இருக்கே?"

சேகர் எஞ்சின் சீட்டிலிருந்து திரும்பினான். நான்கு நாளில் முதல் தடவை என் முகத்தைப் பார்த்தான்.

"ஒம்போது வருசமா பக்கத்துல உக்காந்து வாரே. இப்பதான் கேக்குறே."

"சொல்லுடா."

"அம்மாவுக்கு செவப்பு ஐசி."

சேகரின் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை கையால் நான் தின்ற தோசையை அடுக்கினால் அந்த மலையைவிட உயரமாக நிற்கும். அத்தையின் அடையாள அட்டை குடிமக்களின் நீலமா, மற்றவர்களின் சிவப்பா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"நம்ம தோட்டத்துலதான் பொறந்தாங்க. பொறந்த பத்திரம் இல்ல. அதனால இந்த நாட்டுக் குடிமகள் இல்லயாம். ஓட்டு கெடையாது, ஒன்னும் கெடையாது. நீல ஐசிக்கு எத்தன ஆபீஸ் ஏறி எறங்கினேன் தெரியுமா? உன் கட்சி ஆபீசுக்கும் போனேன். நாளைக்கு வா, நாளைக்கு வான்னாங்க. இவங்க ஆளு ஒருத்தன்தான் அம்மாவ உக்கார வச்சி, ஃபாரம் எழுதி, கூடவே வந்தான். கொடி கட்டக் கூப்பிட்டான், போனேன். மழ வந்துச்சு, குடை கொடுத்தான். நீ படம் எடுத்துட்டே."

"இத ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"எப்ப சொல்றது? நாப்பது வினாடி லா."

கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல் மெல்லக் கேட்டது: "அப்ப அந்த பிரியாணி?"

"முட்டைதான்" என்றான் சேகர். "கறி இவன் கட்சியிலதான் போட்டாங்களாம்."

"எங்க கட்சியிலயும் முட்டைதான்டா" என்றேன்.

முதலில் சிரித்தது சேகர்தான். பிறகு வேனே குலுங்கியது. சிரிப்புக்கு நடுவில் நான், "மன்னிச்சுக்கடா" என்றேன். அது அரசியலா, சொந்தக் கதையா என்று அண்ணன் கேட்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து வரிசை நகர்ந்தது. டனலைவிட்டு வெளியே வந்தோம். அண்ணன் ஹாரன் அடிக்கவில்லை. நாங்களும் கவனிக்கவில்லை. ஃபாரத்தை அடுத்து யாரிடம் கொடுக்கலாம், எந்த ஆபீசில் எந்த நாற்காலி நேர்மையானது என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டே போனோம். பேக்கிங் அக்காதான் வெளியே எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இது கோப்பேங் லா!"

ஈப்போ எப்போதோ பின்னால் போயிருந்தது.

அண்ணன் நிதானமாக, "வெளிய இருட்டாத்தானே இருக்கு? இன்னும் டனல்னு நெனச்சிட்டேன்" என்றார். இருபத்தைந்து வருஷம் அதே ரோட்டில் ஓட்டிய மனிதர் சொன்ன பதில் அது.

இப்போது அந்த வேன் இல்லை. தொழிற்சாலையே பஸ் விட்டுவிட்டது. பஸ்ஸில் எல்லோரும் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். அத்தையின் ஃபாரம் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஆட்சி மாறும்போதெல்லாம் மறுபடி முதல் பக்கத்திலிருந்து. நானும் சேகரும் மாறி மாறி அத்தையை ஆபீசுக்கு அழைத்துப் போகிறோம். மழை வந்தால் நான் பிடிப்பது அந்தக் குடையைத்தான். யாராவது படம் எடுத்தால் எடுத்துக்கொள்ளட்டும்.

போன மாதம் அண்ணனுக்குக் கண் ஆபரேஷன். தைப்பிங்கில்தான் சீக்கிரம் தேதி கிடைத்தது. சேகரின் காரில் நாங்கள் இரண்டு பேரும் போய்க் கூட்டி வந்தோம். கறுப்புக் கண்ணாடி போட்டு, கண்ணை மூடியபடி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். டனல் வந்தது. அவருக்கு அலுப்பாக இருக்கும் என்று நாங்கள் பேசாமல் இருந்தோம்.

"என்னாங்கடா, ரேடியோ கரகரங்குது. யாரும் பேசலியா?"

சேகர் ஆரம்பித்தான். நான் மறுத்தேன். கார் டனலைவிட்டு வெளியே வந்தது. அண்ணனின் கை பழக்கத்தில் ஹாரனைத் தேடி முன்னால் நீண்டது.

"வெளிச்சம் வந்துடுச்சா?"

சேகர் என்னைப் பார்த்தான். ஜெலப்பாங் வெயில் கார்க் கண்ணாடியில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

"இல்லண்ணே, இன்னும் டனல்தான்" என்றேன்.

அண்ணன் கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப பேசுங்க லா."