அரபிக்காரர் முன்னால் வாய் கட்டி நின்றது

தன்னாமுனை,
12.8.1986

மதிப்புக்குரிய மச்சான் கந்தப்போடி அவர்களுக்கு,

உங்கள் தங்கை சீதேவிப்பிள்ளையின் புருஷன் சாமித்தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் மதினியும் பிள்ளைகளும் சுகமாயிருக்கத் தான்தோன்றீஸ்வரரை வேண்டுகிறேன். எனக்கும் சுகத்துக்குக் குறைவில்லை, வெட்கம் ஒன்றுதான் வருத்தம். மேலே ஊர்ப் பெயரைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். நான் சவூதியில் இல்லை. இங்கே ஒரு சிநேகிதன் வீட்டில் ஒளிந்திருக்கிறேன்.

இரண்டு போகம் ஆமிக்காரரின் வெடிக்குப் பயந்து வயல் வட்டையில் கால் வைக்க முடியாமல் போனதால்தானே வெளிநாடு போகத் துணிந்தேன். காத்தான்குடி மஜீட் தம்பி, சவூதிக் கம்பனி ஒன்றுக்குச் சமையல்காரர் தேடுகிறார்கள், கொழும்பில் சமைத்துக் காட்டினால் போதும் என்றார். அம்மன் சடங்குக்கு இருபது வருடம் பொங்கிப் படைத்தவன், இது என்ன பெரிய வேலை என்று மார்தட்டினேன். நீங்களும் ஊரைக் கூட்டி வந்து மண்முனைத் துறையில் மாலை போட்டு அனுப்பினீர்கள். நினைத்தால் இப்போதும் கழுத்துக் கூசுகிறது.

கொழும்பில் அரபிக்காரர் ஒருவர் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தார். நான் பழக்கதோஷத்தில் தலை முழுகி, கோயிலில் செய்வதுபோல வெள்ளைத்துணியால் வாயைக் கட்டிக்கொண்டு அடுப்பை மூட்டினேன். இந்த ஆளுக்கு என்ன நோய் என்று அவர் மஜீட்டிடம் கேட்டாராம். அது போகட்டும். நாங்கள் கல்லுப்பைக் கையால் அள்ளித்தானே போடுவோம், அங்கே இருந்தது தூள் உப்பு. அதையும் அதே கையால் அள்ளிப் போட்டேன். இறக்கியதும் என்னையே முதலில் சாப்பிட்டுக் காட்டச் சொன்னார்.

"படைக்க முந்தி எப்படித் தம்பி வாயில வைக்கிற?" என்றேன்.

"இஞ்ச ஆருக்கு அண்ணே படைக்கப் போறீங்க? ஒரு வாய் வைங்க. நஞ்சு கிஞ்சு போட்டிருக்கோ எண்டு பாக்கிறார்," என்றார் மஜீட்.

கை எழவில்லை மச்சான். கடைசியில் அரபிக்காரரே ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டார். அதன்பிறகு அவர் பேசிய அரபியை மஜீட் தம்பி எனக்குச் சொல்ல மறுத்துவிட்டார்.

தெருவில் யாராவது சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றுகிறது. பெண்சாதி வீட்டில் வாழ்கிறவன் நான். மாலையோடு போனவன் வெறுங்கையோடு எப்படி அவள் படலையைத் திறப்பேன்? நீங்கள்தான் பக்குவமாகச் சொல்லிவைக்க வேண்டும். பிளேன் பழுது என்று சொல்லுங்கள், முடியாவிட்டால் அரபிக்காரர் செத்துவிட்டார் என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை வருகிறேன். அவள் வாசலை மறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதினிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். ஆத்தாள் உங்களுக்கு எல்லாச் செல்வமும் தரட்டும், எனக்கு முகத்தை மூட ஒரு சால்வை தரட்டும்.

இப்படிக்கு, தலை நிமிர முடியாத
சாமித்தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன்பே சீதேவிப்பிள்ளை வந்து நிற்கிறாள். மஜீட் போன கிழமையே, நான் ஒளிந்திருக்கும் இடம் உட்பட, எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டாராம். அவள் ஏசவில்லை. முந்தாநாள் எங்கள் பக்கத்தை ஆமி சுற்றிவளைத்து, வீடு வீடாக ஆம்பிளைகள் எங்கே என்று கேட்டதாம். பக்கத்து வளவு அழகரத்தினத்தைக் கொண்டுபோய்விட்டார்களாம். "என்ட மனுசன் சவூதியில" என்று இவள் சொல்லியிருக்கிறாள், அவர்கள் போய்விட்டார்கள்.

"வெக்கத்தத் தூக்கி வாவிக்க போடுங்க. உசிரோட இரிங்க, அது காணும்," என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன்.

ஆகையால் வெள்ளிக்கிழமை நான் வரவில்லை. இதை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன், வாசித்ததும் அடுப்பில் போடுங்கள். மேலே எழுதிய எதுவும் நடக்கவில்லை. யார் கேட்டாலும் நான் சவூதியில் இருக்கிறேன், நல்ல வேலை.